பத்து காஜா சிறையில் இருந்த சிபில் கார்த்திகேசு: நம் பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய வாழ்க்கை

பத்து காஜா என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கெல்லிஸ் காசல் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்குப் பழைய மருத்துவமனை, நீதிமன்றம், புனித சூசையப்பர் தேவாலயம், சிறைச்சாலை என்று நினைவுகள் நீளும். அந்தச் சிறைச்சாலையில் ஜப்பானியர் காலத்தில் ஒரு பெண்மணி அடைபட்டுக் கிடந்தார். அவர்தான் சிபில் கார்த்திகேசு. தாதி, மருத்துவச்சி, தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவி, மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய், ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட கத்தோலிக்கர்.

அவரைப் பற்றி நம் நாட்டில் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானியரை எதிர்த்தார், சித்திரவதைக்கு ஆளானார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார் என்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் வீரத்துக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு பெண் தன் மதிப்பை எங்கிருந்து பெறுகிறாள் என்ற கேள்விக்கான பதில் அது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இன்று மிகவும் தேவைப்படும் பதில்.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறந்ததும் நிறம் என்ன என்று கேட்கிறோம். வளர்ந்தால், வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய் என்கிறோம். பள்ளிக்குப் போனால் எத்தனை ஏ கிடைத்தது என்கிறோம். அதற்குப் பிறகு கைத்தொலைபேசி வந்துவிடுகிறது. படம் போட்ட பத்து நிமிடத்தில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பார்க்கும் பிள்ளை, அந்த எண்ணிக்கையைத் தன் விலையாகவே எடுத்துக்கொள்கிறாள். தோட்டத்துப் பிள்ளை, கறுப்புப் பிள்ளை, படிக்காத பிள்ளை என்று யாரோ ஒட்டிய சீட்டை அவளே தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறாள்.

கிறிஸ்தவப் போதனை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் இதைத்தான். ஆணும் பெண்ணும் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்கிறது விவிலியத்தின் முதல் நூல். அப்படியென்றால் ஒரு பெண்ணின் மதிப்பு அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒன்று. அழகால் சம்பாதித்ததும் இல்லை, தேர்வில் வென்றதும் இல்லை. மனிதர் கொடுக்காததை மனிதர் பிடுங்கவும் முடியாது.

கேட்க எளிதாக இருக்கும் இந்தப் போதனை, வாழ்க்கையில் எப்படிப்பட்ட சோதனையைத் தாங்கும்? அதற்குத்தான் சிபிலின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எந்தக் கட்டத்திலும் அடங்காத பெண்

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரும் சேர்ந்து சிபில் மேடான் டேலி என்று பெயரிடப்பட்டார். தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வம்சாவளி யுரேஷியர், தோட்டத்துறையில் இருந்தவர். தாய் பியாட்ரிஸ் மாட்டில்டா, பிரெஞ்சு வம்சாவளி யுரேஷியர், மருத்துவச்சி. ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்த சிபில்தான் வீட்டுக்கு ஒரே பெண்.

அன்றைய மலாயாவில் யுரேஷியப் பெண்ணாக வளர்வது அத்தனை சுலபம் இல்லை. வெள்ளைக்காரருக்கு அவர்கள் வெள்ளையர் இல்லை. மற்றவர்களுக்கோ அவர்கள் உள்ளூர்க்காரரும் இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்த காலத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் முழுதாக அடங்காதவர்கள் அவர்கள். நீ எந்த இனம் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகளின் தவிப்பு பல குடும்பங்களுக்குத் தெரியும்.

சிபில் அந்தத் தவிப்பில் நின்றுவிடவில்லை. தாயைப் போலவே அவரும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். நோயாளி எந்த இனமாக இருந்தாலும் அவருக்கு அருகில் அமர்ந்து பேசக்கூடியவராக வளர்ந்தார்.

அவர் மணந்துகொண்டதும் ஒரு தமிழரைத்தான். தைப்பிங்கில் பிறந்த மருத்துவர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. அவர் இந்து, இவர் கத்தோலிக்கர் என்பதால் சமயம் குறுக்கே நின்றது. அவர் கத்தோலிக்கத்தைத் தழுவி ஆப்டன் கிளெமெண்ட் கார்த்திகேசு என்ற பெயர் பெற்றார். 1919 ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர், புக்கிட் நானாஸில் உள்ள புனித யோவான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் குழந்தை பிறந்தது. முதல் உலகப் போரில் கலிப்போலியில் உயிரிழந்த தம் அண்ணன் மைக்கலின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார். அந்தக் குழந்தை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. எத்தனையோ தாய்மார்களுக்குப் பிரசவம் பார்க்கும் கைகள், தன் முதல் குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்றால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்று உலகம் சொன்ன காலம் அது. இன்றும் அந்தப் பேச்சு முழுதாக ஓயவில்லை.

சிபிலின் தாயார் தாம் பிரசவம் பார்த்த ஓர் ஆண் குழந்தையைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்து வந்தார். வில்லியம் பிள்ளை என்ற அந்தக் குழந்தையைச் சிபில் தத்தெடுத்துக்கொண்டார். 1921இல் ஓல்கா பிறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 1936இல் டோன் பிறந்தாள். தத்தெடுத்த மகனும் பெற்ற மகள்களும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள்.

பாப்பானில் திறந்திருந்த பின்கதவு

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில், 141ஆம் எண் கட்டடத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்தகம் நடத்தினார்கள். இன்று அது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. மருத்துவர் நோய் பார்ப்பார். சிபில் பிரசவம் பார்ப்பார், காயங்களுக்குக் கட்டுப் போடுவார். 15 ஆண்டுகள் அப்படியே ஓடின.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். ஈப்போ மீது குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் பாப்பானுக்கு இடம் மாறியது. பத்து காஜாவிலிருந்து பூசிங் பக்கம் போகிறவர்களுக்கு அந்தச் சிற்றூர் தெரிந்திருக்கும். ஈயத்தால் வளர்ந்த ஊர். சீனர்கள் அதிகம் வாழ்ந்த ஊர். பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் மருந்தகத்தைத் திறந்தார்.

ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்தது என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. சீனர்களைக் கூட்டம் கூட்டமாக வேட்டையாடினார்கள். யாரும் யாரையும் நம்ப முடியாத காலம்.

அந்தக் காலத்தில் இரவு நேரத்தில் சிபிலின் வீட்டுப் பின்கதவு தட்டப்படும். காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், குண்டடி பட்ட காயங்களோடு வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீன இளைஞர்கள். படையை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். கடவுளை ஏற்காத கொள்கைக்காரர்கள். சிபிலோ செபமாலையைக் கையைவிட்டு இறக்காத கத்தோலிக்கர்.

அவர் கதவைத் திறந்தார். காயத்தைக் கழுவிக் கட்டினார். மருந்து கொடுத்து அனுப்பினார். தெரிந்தால் தலை போகும் என்பது அவருக்குத் தெரியும். மிகச் சிறியவர்களுக்குச் செய்வதெல்லாம் தமக்கே செய்வதாகும் என்று இயேசு போதித்ததாக நற்செய்தி சொல்கிறது. அதில் இனம், கொள்கை என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இறைச்சாயல் தன்னிடம் இருக்கிறது என்று நம்புகிறவர், எதிரே வலியில் துடிப்பவரிடமும் அதே சாயல் இருப்பதை மறுக்க முடியாது. சுயமதிப்பு என்பது தன்னைத் தானே மெச்சிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். சிபிலிடம் அது அடுத்தவரின் மதிப்பைக் காப்பாற்றும் துணிச்சலாக வெளிப்பட்டது.

வீட்டில் இன்னொரு இரகசியமும் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் தோண்டிய குழியில் ஒரு வானொலிப் பெட்டி. இரவில் அதை எடுத்து லண்டன் பிபிசி செய்தியைக் கேட்பார்கள். போரின் உண்மை நிலவரத்தை நம்பிக்கையானவர்களுக்குச் சொல்வார்கள். ஜப்பானியர் பரப்பிய செய்தியைத் தவிர வேறு எதையும் கேட்கக்கூடாது என்றிருந்த காலத்தில், அந்தப் பெட்டி ஒன்றே மரண தண்டனைக்குப் போதும்.

கெம்பித்தாயின் பிடியில்

1943இல் இரகசியம் வெளிப்பட்டது. மருத்துவர் கார்த்திகேசு, சிபில், வில்லியம் ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். ஈப்போவில் கெம்பித்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவப் போலீசாரின் விசாரணைக்கு ஆளானார் சிபில். விசாரணையை நடத்தியவர் யோஷிமுரா.

அங்கு நடந்ததை விவரமாக எழுதத் தேவையில்லை. அடி, உதை, நீரை வயிறு கொள்ளாமல் செலுத்தும் கொடுமை, நகங்களைப் பிடுங்குவது, சூடு வைப்பது. முதுகெலும்பு காயப்பட்டது. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை காயப்பட்டது. பிரசவம் பார்த்த விரல்கள் சிதைந்தன. நிமிர்ந்து நடந்த பெண் நடக்க முடியாதவரானார். காட்டில் இருந்தவர்களின் பெயர்களையும் அவர்களுக்கு உதவியவர்களின் பெயர்களையும் அவரிடமிருந்து பெற முடியவில்லை.

எதுவும் பலிக்காதபோது யோஷிமுரா டோனைக் கொண்டுவரச் செய்தார். அவளுக்கு அப்போது ஏறத்தாழ 7 வயது. மரத்தில் அவளைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயை உண்மையைச் சொல்லச் சொன்னார்கள். தாய் சொல்லவில்லை. குழந்தையும் தாயைச் சொல்ல வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டாள். கடைசி நேரத்தில் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அவள் உயிர் பிழைத்தாள்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் இதைத் தியாகத்தின் உச்சம் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. பெற்றவர்களுக்கு அப்படிக் கடந்துவிட முடியாது. ஒரு குழந்தையின் உயிர் அந்த இரகசியத்தைவிட மலிவா என்ற கேள்வி நெஞ்சில் குத்தும். இரகசியம் என்று நாம் சொல்வது வெறும் தகவல் இல்லை. அதில் பாப்பான் மக்களின் உயிர்கள் இருந்தன. பெயர்களைச் சொல்லியிருந்தால் வேறு பிள்ளைகளும் தாய்மார்களும் அதே மரத்தடிக்கு இழுத்து வரப்பட்டிருப்பார்கள். தன் பிள்ளைக்கு இருக்கும் அதே விலை ஊரார் பிள்ளைகளுக்கும் உண்டு என்று நம்பிய ஒரு தாயின் முன் அன்று எழுந்தது அந்தத் தேர்வு. அவர் முன் அப்படி ஒரு தேர்வை வைத்ததுதான் குற்றம். அந்தக் குற்றம் கட்டித் தொங்கவிட்டவர்களுடையது.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சித்திரவதை தாங்காமல் வாய் திறந்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். அவர்கள் மதிப்பற்றவர்கள் ஆகிவிடவில்லை. சிபில் வாய் திறந்திருந்தாலும் இறைவன் முன் அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறைந்திருக்காது. இறைச்சாயல் என்ற போதனையின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. வீரத்துக்குப் பரிசாக மதிப்பு வருவதில்லை. மதிப்பு முன்பே இருக்கிறது. அதில் காலூன்றி நின்றதால்தான் சிபிலுக்கு வீரம் சாத்தியமானது.

பெண்கள் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் புண்ணியம் என்று சமயத்தின் பெயரால் சொல்கிறவர்கள் உண்டு. அடிக்கிற கணவனோடும் இழிவாகப் பேசுகிற குடும்பத்தோடும் பொறுத்துப் போ என்று சொல்ல இயேசுவின் சிலுவையை எடுத்துக்காட்டுகிறவர்களும் உண்டு. சிபிலின் வாழ்க்கையை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவர் அநியாயத்துக்குத் தலை வணங்கிப் பொறுத்துப் போனவர் இல்லை. அநியாயத்தோடு ஒத்துப்போக மறுத்தவர்.

பத்து காஜா சிறை

விசாரணைக்குப் பிறகு சிபிலுக்கு ஆயுள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கணவருக்கு 15 ஆண்டுகள். உடைந்த உடம்போடு சிபில் பத்து காஜா சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்.

சிறைக்குள் ஒரு மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். தொழில் போய்விட்டது. வீடு போய்விட்டது. கணவனும் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை. உடல் வலிமை இல்லை, முகத்தின் அழகும் இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், ஈப்போவில் பெயர்பெற்ற மருத்துவச்சி என்று ஊர் அவருக்குக் கொடுத்திருந்த அடையாளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. அதற்குப் பிறகும் மிஞ்சியதுதான் அவருடைய உண்மையான அடையாளம். கடவுளின் மகள் என்ற அடையாளம். திருமுழுக்கில் கிடைத்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் அந்த அடையாளத்தை எந்தச் சிறைக் காவலரும் கழற்றி வாங்க முடியவில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் சிபில் விடுதலையானார். சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தபடியே தம் அனுபவங்களை எழுதத் தொடங்கினார். ஒரு துளிக் கருணையும் இல்லை என்று பொருள்படும் நோ டிராம் ஆப் மெர்சி என்ற அந்த நூல், அவர் மறைந்த பிறகு 1954இல் வெளிவந்தது. போருக்குப் பிறகு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற ஒரே மலாயாப் பெண்மணி அவர்தான்.

பதக்கம் வந்தது, உடல் நலம் வரவில்லை. தாடையில் பட்ட அந்தப் பழைய காயத்திலிருந்து நச்சு இரத்தத்தில் கலந்தது. 1948 ஜூன் 12ஆம் நாள் சிபில் காலமானார். அப்போது வயது 48. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். 1949இல் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கல் தேவாலயத்தின் அருகில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது.

ஈப்போ பேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பாப்பானில் அவர் மருந்தகம் நடத்திய கடைவீடு பிற்காலத்தில் நினைவில்லமாகப் பராமரிக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 3ஆம் நாள், அவருடைய 117ஆவது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து சிறப்பித்தது.

நம் பிள்ளைகளுக்கு

இந்த வாழ்க்கையை வைத்து நம் வீட்டில் என்ன செய்யலாம்? முதலில், பெற்றோரும் பெரியவர்களும் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். நிறத்தையும் எடையையும் மதிப்பெண்ணையும் பிள்ளையின் விலையாகப் பேசுவதை நிறுத்தலாம். தேர்வு முடிவு வந்த அன்று, குறைந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்குள் நுழைகிற மகளைப் பெயர் சொல்லி அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாலே போதும். அவள் மதிப்பு அந்தத் தாளில் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மறைக்கல்வி நடத்தும் ஆசிரியைகள், இறைச்சாயல் என்ற பாடத்தைச் சொல்லித்தரும்போது தூரத்து நாட்டுப் புனிதைகளோடு நம் ஊர்ப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லலாம். வேறு சமயத்துப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. பாப்பானில் அவர் கட்டுப் போட்டது கிறிஸ்தவர்களின் காயங்களுக்கு மட்டும் இல்லையே.

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கெல்லிஸ் காசலுக்கு அழைத்துப் போகிறவர்கள், திரும்பும் வழியில் பாப்பானுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பத்து காஜா சிறைச்சாலையைக் கடக்கும்போது, இங்கே ஓர் அம்மா இருந்தார் என்று சொல்லத் தொடங்குங்கள். மற்றதைப் பிள்ளைகளே கேட்பார்கள்.